சேவ் பண்ண முடியாத கேம்

எங்கட செட் ஆக்களுக்கு கொம்பியூட்டர் கேம் என்றாலே 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ'தான். 2000 டிசம்பரில் வெளிவந்தது. செய்தவர்கள் அமெரிக்கர்கள் அல்ல, நோர்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ். 1997இல் அவர்கள் ஒரு போர்விமான கேம் செய்திருந்தார்கள்; அதன் எஞ்சினைத்தான் இதற்கும் எடுத்தார்கள். வானத்திலிருந்து பார்க்க அமைத்த நிலம்! அதனால்தான் அந்த மலைகளும் வெளிகளும் அவ்வளவு விரிந்து கிடந்தன.

மொத்தம் 14 மிஷன். நடுவில் சேவ் கிடையாது. முடிக்கிற நேரத்தில் செத்தாலும் மிஷனின் தொடக்கத்திலிருந்துதான். விமர்சகர்கள் அப்போதே இதைக் குறையாக எழுதினார்கள். நமக்கோ கேமே அதுதான். பின்னால் நின்று பார்த்த தம்பிமாரும் மூச்சை அடக்கிக்கொண்டல்லவா நின்றார்கள்!

2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் அளவோடு சேவ் கொடுத்தார்கள். அதே ஆண்டு கம்பனியும் மூடப்பட்டது. டேவிட் ஜோன்ஸைத் தெரிந்த நம்மில் பலர் அவனை உருவாக்கியவர்களின் பெயரைக் கேட்டதேயில்லை. கைமாறி வந்த கொப்பி சீடியில் மார்க்கரால் 'ஐ.ஜி.ஐ' என்று மட்டும்தானே எழுதியிருந்தது.