மாறியதை மட்டும் இறக்குவது எப்படி? வட்டுப் படிமங்களைப் புதுப்பித்த வரலாறு



லினக்ஸ் போன்ற இயங்குதளத்தை நிறுவ ஒரே பெரிய கோப்பை இறக்குகிறோம். ஐஎஸ்ஓ என்று சொல்கிறோமே, அதுதான். தமிழில் வட்டுப் படிமம். ஒரு சிடியில் இருக்க வேண்டிய எல்லாவற்றையும் அப்படியே ஒரு கோப்பில் அடைத்தது அது. புதிய பதிப்பு வந்ததும் பலர் பழையதை அழித்துவிட்டு முழுவதையும் மறுபடி இறக்குகிறார்கள். அது தேவையே இல்லை என்பது தெரிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

லைன் மெதுவாக இருந்த காலம்

மலேசியாவில் 1990களில் ஜாரிங் வழியாக இணையம் வந்தது. வீட்டில் தொலைபேசி லைனும் மோடமும்தான். வேகம் அதிகம் போனால் வினாடிக்கு 56 கிலோபிட். ஒரு சிடி படிமம் 700 மெகாபைட் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 × 8 = 5,600 மெகாபிட். அதை 0.056ஆல் வகுத்தால் 1,00,000 வினாடி. ஏறக்குறைய 28 மணி நேரம்! நடுவில் யாராவது போன் எடுத்தால் லைன் கட். இதனால்தான் உபுண்டு 2004இல் வெளிவந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள்.

கண்ணால் பார்க்காமல் ஒப்பிடுவது

தங்காக் என்றாலே துணிக்கடைகள் நினைவுக்கு வரும். சட்டையில் கழுத்துப் பட்டை மட்டும் நைந்துபோனால் அதை மட்டும் மாற்றித் தைப்போம். முழுச் சட்டைக்கும் துணி எடுக்க மாட்டோம். கோப்புக்கும் இதே நியாயம்தான். ஆனால் தையல்காரர் சட்டையைக் கையில் வைத்துப் பார்க்கிறார். இங்கே பழைய கோப்பு உங்கள் கணினியில், புதியது எங்கோ ஒரு சேவையகத்தில். எது மாறியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் முழுவதையும் இறக்க வேண்டும். அப்போ லாபம் எங்கே?

இந்த முடிச்சை 1996இல் அவிழ்த்தவர்கள் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும். அவர்களின் மென்பொருள் ஆர்சிங்க். வழி இதுதான்: பழைய கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, எண்களை மட்டும் அனுப்புகிறோம். மறுமுனை தன் புதிய கோப்பில் அந்த எண்கள் எங்கே பொருந்துகின்றன என்று தேடுகிறது. பொருந்தாத பகுதியை மட்டும் அனுப்புகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வரிசையில் முன்னால் ஒருவர் நுழைந்தால் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் ஓரிடம் தள்ளிப்போவார்கள், இல்லையா? கோப்பின் தொடக்கத்தில் ஒரு பைட் சேர்ந்தாலும் அப்படித்தான். எல்லாத் துண்டும் இடம் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து நகர்ந்து தேட வேண்டும். அதற்கு உதவுவது உருளும் கூட்டல். எளிமையாகச் சொன்னால், 4, 7, 2, 9 கூட்டினால் 22. அடுத்த எண் 5 என்றால் மறுபடி எல்லாவற்றையும் கூட்ட வேண்டாம். வெளியேறும் 4ஐக் கழித்து 5ஐச் சேர்த்தால் 23. வேலை சட்டென்று முடியும். வேறு துண்டுக்கும் தற்செயலாக அதே எண் வரலாமே? அதனால் பொருந்தியதை மட்டும் இன்னும் வலுவான இரண்டாவது எண்ணால் சரிபார்க்கிறார்கள்.

சுமை யார் தலையில்?

ஆர்சிங்கில் தேடும் வேலை சேவையகத்துக்கு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அது திணறும். காலின் ஃபிப்ஸ் எழுதிய இசட்சிங்க் இதைத் தலைகீழாக்கியது. படிமத்தை வெளியிடும்போதே அடையாள எண்களை ஒருமுறை கணக்கிட்டு ஒரு சிறு கோப்பாக வைத்துவிடுவார்கள். உங்கள் கணினி அதை இறக்கி, கையிலுள்ள பழைய படிமத்தில் தானே தேடி, இல்லாத பகுதிகளை மட்டும் கேட்டு வாங்கும். சாதாரண இணையச் சேவையகமே போதும். உபுண்டுவின் தினசரிப் படிமங்களோடு இந்தச் சிறு கோப்பும் வெளியிடப்பட்டது.

டெபியன் இயங்குதளத்தார் எடுத்த வழி வேறு. ரிச்சர்ட் ஆட்டரர் உருவாக்கிய ஜிக்டோ, படிமத்தைப் படப்புதிர் மாதிரி பார்க்கிறது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் தனித்தனி மென்பொருள் பொதிகள்தானே? பழைய படிமத்தில் உள்ள பொதிகளை எடுத்துக்கொண்டு, புதியவற்றை மட்டும் இறக்கி, வார்ப்பு ஒன்றை வைத்துப் படிமத்தை மறுபடி கட்டுகிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய, தமிழிலும் இயங்கும் பாஸ் லினக்ஸ் இதே டெபியன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. நன்கு சுருக்கப்பட்ட கோப்பில் ஒரு சிறு மாற்றம்கூட அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். அப்போது சேமிப்பு குறையும். எந்த வழியில் புதுப்பித்தாலும் கடைசியில் வெளியீட்டாளர் தரும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட மறக்காதீர்கள்.

நமக்கு ஏன் இது?

இயங்குதளம் புதுப்பிப்பது அழகுக்காக இல்லை. பாதுகாப்புக் குறைகளை அடைக்கத்தான். முழுவதையும் இறக்கினால்தான் உண்டு என்றால் வேகமான லைன் உள்ளவர் பாதுகாப்பாக இருப்பார். கைப்பேசி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் மாணவர் பழையதோடு காலம் தள்ளுவார். மாறியதை மட்டும் அனுப்பும் முறை அந்த இடைவெளியைக் குறைக்கிறது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் குரோம்புக்குக்கும் வரும் புதுப்பிப்புகளில் பல, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே சுமந்து வருகின்றன.

வகுப்பில் கேட்கலாம்

1. 3, 8, 6, 1, 7 என்ற வரிசையில் நான்கு நான்காக உருளும் கூட்டல் போடுங்கள். விடைகள் என்ன?
2. அடையாள எண் இரண்டு ஏன் தேவை? ஒன்று மட்டும் இருந்தால் என்ன தவறு நேரும்?
3. ஆர்சிங்க், இசட்சிங்க் இரண்டிலும் தேடும் வேலையைச் செய்வது யார்? ஒரு பள்ளிக் கணினி அறைக்கு எது பொருத்தம்? காரணம் கூறுக.