அல்லிராணிக் கோட்டை: அரிப்பில் ஒரு மத்தியானம்

"அல்லிராணிக் கோட்டைக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டால் அரிப்பில் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். "டொறிக் மாளிகை" என்று கேட்டால் முழிப்பினம். நாங்கள் முதலில் இரண்டாவதைத்தான் கேட்டோம். வரலாறு படிக்கிற ஆக்களாம்!

மன்னாரிலிருந்து வந்து அருவியாற்றைத் தாண்டினால் அரிப்பு. கடலோர மேட்டின் விளிம்பில் இடிந்து நிற்பது உண்மையில் கோட்டையே இல்லை. பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த வீடு. கிரேக்க டொறிக் பாணித் தூண்கள் வைத்தபடியால் அந்தப் பெயர். செங்கல்லும் சுண்ணச்சாந்தும்தான். நிசமான கோட்டை கிட்டடியில் இருக்கிறது, சின்னது. கண்டி இராச்சியத்தில் 19 வருஷம் பிடிபட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது அங்கேதான். அப்போது அது ஒல்லாந்தர் கையில்.

அல்லி எங்கிருந்து வந்தாள்? பாண்டிய நாட்டை ஆண்டு, அர்ச்சுனனை மணந்த அல்லியின் கதை தமிழில் பழையது. இந்தக் கரையில் அவளுக்குக் குதிரைமலையில் இராசதானி. முத்தைக் கொடுத்து அரபிகளிடம் குதிரை வாங்கினாளாம். இருநூறு வருஷக் கட்டடத்தை மகாபாரதத்துக்குத் தள்ளுறது பிழை என்று எங்களுக்குள்ளேயே சண்டை. பிழைதான்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. முத்துக்குளிப்புக் காலத்தில் இந்தக் கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். தமிழகத்திலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் சுழியோடிகள் வருவார்கள். கல்லின் பாரத்தில் அடிக்கு இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி பொறுக்க வேண்டும். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற 'கடல்கட்டி'க்கு வெள்ளைக்கார அரசாங்கமே கூலி கொடுத்தது! அள்ளிய சிப்பியைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பது. புத்தகங்களில் ஆளுநருக்குப் பெயர் இருக்கிறது, சுழியோடி வெறும் தொகையாகத்தான் வருகிறார். கரைச் சனம் துரையின் பெயரை விட்டுவிட்டு முத்து விற்ற ராணியின் பெயரை வைத்ததில் எங்களுக்குச் சந்தோசம்தான்.

ரெண்டு பெயருக்கும் இனி எவ்வளவு காலமோ. மேட்டின் அடியைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. கடல் பக்கச் சுவர்கள் விழுந்து, செங்கல் கட்டிகள் கீழே மணலில் கிடக்கின்றன. போறதென்றால் அடுத்த சோளகத்துக்கு முதல் போங்கோ. தண்ணி கொண்டு போங்கோ, நிழல் இல்லை. விளிம்பில் நின்று செல்பி எடுக்காதேங்கோ, மண் உள்ளுக்குள் குடைந்திருக்கு.