அவரே சொன்னார்... அவரே மறுத்தார்!

உங்களுக்கு நேர்ந்த ஓர் அவமானத்தை மனசுவிட்டுச் சொல்கிறீர்கள். எதிரில் இருப்பவர் சாவகாசமாகக் கேட்டுவிட்டு, 'சேச்சே... அப்படியெல்லாம் நடந்திருக்காது. நீங்களா ஏதோ கற்பனை பண்ணிக்கறீங்க!' என்கிறார். எப்படி இருக்கும் உங்களுக்கு? முதல் அடியைவிட இந்த இரண்டாவது அடிதானே அதிகம் வலிக்கும்!

அந்த இரண்டாவது அடியை 1980-ல் வீடியோவில் பிடித்துக் காட்டியவர், ஹோவர்டினா பிண்டெல். 1943-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த கறுப்பின ஓவியர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 12 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். 1972-ல் இருபது பெண் கலைஞர்கள் கூடி, 'ஏ.ஐ.ஆர்.' என்ற கலைக்கூடத்தை ஆரம்பித்தார்கள். அந்த இருபது பேரில் ஒரே கறுப்பினப் பெண் இவர்தான். ஆண் ஆதிக்கம் பற்றிப் பேச அங்கே ஆள் உண்டு. நிறவெறி பற்றிப் பேசினால்தான் காதுகொடுக்க ஆள் இல்லை என்பது பிண்டெலின் ஆதங்கம்.

1979-ல் ஒரு கார் விபத்து. தலையில் அடி. நினைவுகளில் ஒரு பகுதி காணாமலே போய்விட்டது. மிச்சமிருக்கும் நினைவுகள்? அடுத்த வருஷமே அவற்றைக் கேமரா முன் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

வீடியோவின் பெயர் 'ஃப்ரீ, ஒயிட் அண்ட் 21'. 'நான் வெள்ளைக்காரி, மேஜர்... என்னை யார் கேட்பது?' என்கிற தோரணையில் அந்தக் கால ஹாலிவுட் படங்களில் அடிக்கடி வந்த வசனம் அது. ஓடும் நேரம் பன்னிரண்டு நிமிடம்தான்.

அம்மா குழந்தையாக இருந்தபோது, அவருடைய கறுப்பு நிறத்தை அழுக்கு என்று நினைத்து, பார்த்துக்கொள்ள வந்த வெள்ளைக்காரப் பெண் காஸ்டிக் சோடா போட்டுத் தேய்த்த கதை. கையில் தழும்பே விழுந்துவிட்டது! பாலர் வகுப்பில் பாத்ரூம் போகணும் என்று கேட்ட சின்னப் பெண்ணை டீச்சர் கட்டிலோடு கட்டிப்போட்ட கதை. குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போகிறார்.

நடுநடுவே ஒரு வெள்ளைக்காரப் பெண் குறுக்கிடுகிறாள். பொன்னிற விக், கறுப்புக் கண்ணாடி. உனக்குப் பிரமை, உனக்கு நன்றியில்லை என்று பொரிந்து தள்ளுகிறாள். யார் அவள்? முகத்தில் வெள்ளைப்பூச்சோடு, அதுவும் பிண்டெலேதான்!

இது முதலில் திரையிடப்பட்டது அதே ஏ.ஐ.ஆர். கூடத்தில். கண்காட்சியை ஏற்பாடு செய்தவர்கள் மூன்று பேர்: கியூபாவில் பிறந்த அனா மெண்டியேட்டா, ஜப்பானின் கசுகோ மியாமோட்டோ, நம் அலிகாரில் பிறந்த ஸரீனா.

கறுப்பர்களைக் கும்பலாக அடித்துக் கொன்ற கொடுமை பற்றியும் 1970-களிலேயே ஒரு படைப்பு செய்ய நினைத்தார் பிண்டெல். அப்போது கூடத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2020-ல்தான் 'ரோப்/ஃபயர்/வாட்டர்' என்ற வீடியோவாக அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயசு 77!

இனி யாராவது தன் காயத்தைச் சொல்லும்போது, 'அப்படியெல்லாம் இருக்காது' என்று உங்கள் வாயில் வந்தால், ஒரு விநாடி நிறுத்துங்கள். அந்த விக்கும் கறுப்புக் கண்ணாடியும் நம் தலையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது!