நதி வரைந்த நாடு – 9: காவிரியை விழுங்கிய கொள்ளிடம்

கல்லணையை ஆராய கேப்டன் கால்டுவெல் 1804-ல் வந்து சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். தஞ்சாவூர்ச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்து ஐந்தே வருஷம்தான் ஆகியிருந்தது. கும்பினிக்கு வேண்டியது வரி. வரிக்கு நெல் வேண்டும், நெல்லுக்குக் காவிரித் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

குடகு மழையைக் குறை சொல்ல வழியில்லை. திருச்சிக்கு மேற்கே அகண்ட காவிரியாக வந்த வெள்ளம், முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்ததும் ஏறக்குறைய முழுதுமே வடக்குக் கிளையான கொள்ளிடத்துக்குள் இறங்கிவிட்டது. தெற்கே காவிரிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஆற்றுக்குப் பக்தியும் கிடையாது, பாசமும் கிடையாது. எந்த வழியில் கடல் பக்கமோ, எங்கே சரிவு அதிகமோ, அந்த வழியைத்தான் அது எடுக்கும். கொள்ளிடம் வடகிழக்காக ஓடி, குறுக்கு வழியில் கடலைப் பிடிக்கிறது. காவிரியோ நூறு கிளைகளாகப் பிரிந்து, நெளிந்து, மெல்லப் போகிறது. மெல்லப் போகிற தண்ணீரால் மணலைச் சுமக்க முடியாது, வழியிலேயே போட்டுவிடும். போட்ட மணலால் படுகை மேடாகும். மேடானால் தண்ணீர் இன்னும் மெல்லப் போகும், இன்னும் மணல் படியும். எதிர்ப்பக்கம் வேகமாக ஓடுகிற கொள்ளிடம் தன் படுகையைத் தானே அரித்து ஆழமாக்கிக்கொள்ளும். ஒரு கிளை தூர்வதும் இன்னொரு கிளை பெருப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். டெல்டா என்ற நிலமே இப்படிக் கிளை மாறி மாறி ஓடிய ஆறு விட்டுப்போன வண்டல்தான். ஆற்றின் கணக்கில் கொள்ளிடம் ஜெயிப்பது நியாயம். தஞ்சாவூர் விவசாயியின் கணக்கில்தான் அது கொள்ளை.

ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றிவந்த பிறகு இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்குகிற இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. காவிரிக்கு மிஞ்சிய கொஞ்சத் தண்ணீரும் அதில் விழுந்துவிடும். விழாமல் தடுத்து நிற்பது கல்லணை. மரபு அதைக் கரிகாலன் கணக்கில் எழுதியிருக்கிறது. பழைய அணையைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது கரடுமுரடான கற்களும் களிமண்ணும்தான். சுண்ணாம்புப் பூச்சு மேலே மட்டும். ஆழம் தெரியாத மணலில், அஸ்திவாரம் தோண்டாமல், கல்லைப் போட்டுப் போட்டு அமிழ்த்தி எழுப்பிய வேலை அது.

ஆனால் அந்த அணைக்கு ஒரு குறை இருந்தது. மணல் வெளியேற அதில் மதகு இல்லை. காவிரியைக் காத்த சுவரே காவிரியின் மணலையும் தேக்கிவைத்தது. கல்லணையை உயர்த்தலாம், கரைகளை உயர்த்தலாம் என்றார் கால்டுவெல். உயர்த்தினார்கள். என் கணக்கில் இது நோயாளிக்குத் தலையணை உயரத்தை மாற்றிய வைத்தியம். கொஞ்ச காலம் ஓடியது, மணல் நிற்கவில்லை.

அடுத்து வந்தவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைத்தார். அதோடு விடாமல், சிக்கல் கல்லணையில் இல்லை, பிரிகிற வாயில்தான் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே, மணலில் கிணறு இறக்கி, அதன்மேல் ஆள் உயரச் சுவர் ஒன்றை எழுப்பினார். மணலில் அஸ்திவாரம் நிற்கும் என்ற துணிச்சல் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து வந்தது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். மேலணை என்ற அந்தச் சுவர் 1836-ல் முடிந்தபோது அவருக்கு வயது 33. (அதே இடத்தில் 2018 ஆகஸ்டில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.)

காவிரிக்குத் தண்ணீர் வந்தது. மேடான படுகையை ஆறே அரித்துச் சுத்தம் செய்யத் தொடங்கியது. கடைமடை வரை நடவு. காட்டனுக்குப் புகழ்.

ஆனால் அரிக்கத் தொடங்கிய ஆறு நிறுத்தவில்லை. காவிரியின் வாயில் படுகை தாழ்ந்துகொண்டே போனது. கொள்ளிடத்தில் மணல் மேடிட்டது. கதை அப்படியே தலைகீழாகிவிட்டது. இப்போது காவிரி தேவைக்கு மேல் தண்ணீரை இழுத்தது. வறட்சிக்குப் பயந்த தஞ்சாவூர், கரை உடைந்துவிடுமோ என்று வெள்ளத்துக்குப் பயப்பட ஆரம்பித்தது.

1843-ல், கட்டி ஏழே வருஷமான அந்த அணையின் நடுப்பகுதியை இடித்துத் தாழ்த்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதாவது, கொள்ளிடத்துக்குத் தண்ணீர் விடு என்று! அது போதவில்லை என்றபோது பொறியாளர்கள் கை வைத்தது காவிரியின் வாயிலேயே. அங்கே என்ன செய்தார்கள்?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)