சிலம்பும் எல்லையும்: ம.பொ.சி.யின் அரசியல் வாழ்வு

1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், திருத்தணி வட்டம் ஆந்திர மாநிலத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டு மாவட்டத்தோடு இணைந்தது. அன்று தாம்பரமும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. தெற்கே தாம்பரத்தாரும் வடமேற்கே திருத்தணியாரும் ஒரே மாவட்ட மக்களாயினர். இந்த இணைப்புக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் குரல் கொடுத்த தமிழரசுக் கழகமோ, தேர்தல் களத்தில் என்றுமே பெருங்கட்சியாக வளராத ஒன்று. சிறிய அமைப்பொன்றின் தலைவர் ஒரு மாநிலத்தின் எல்லையிலும் பெயரிலும் தம் தடத்தைப் பதித்த வரலாறே மயிலாப்பூர்ப் பொன்னுசாமி சிவஞானத்தின் வரலாறு.

1906 சூன் 26 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் சால்வன்குப்பத்தில் பிறந்தார் ம.பொ.சி. கள்ளிறக்கும் தொழிலை மரபாகக் கொண்ட எளிய குடும்பம். வறுமை அவரை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து வெளியேற்றியது. கூலி வேலைகள் பல செய்தபின், டாக்டர் வரதராசுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' இதழ் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக அமர்ந்தார். பள்ளி தராத தமிழை ஈய எழுத்துகள் தந்தன. பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகக் கோத்த கை, பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதிற்று.

காங்கிரசுத் தொண்டராகிக் கள்ளுக்கடை ஒழிப்பை ஆதரித்தபோது, தம் சமூகத்தாரின் சினத்துக்கே ஆளானார். தம்மவர் பிழைப்பைக் கெடுக்கிறார் என்பது அவர்மேல் விழுந்த முதற்பழி. எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத்தாராலேயே ஐயுறப்படுவது அன்று தொடங்கி அவர் வாழ்வின் இயல்பாயிற்று.

1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் கைதாகி, வேலூர்ச் சிறையிலிருந்து அமராவதிச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே பற்றிய வயிற்றுநோய் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. அந்தச் சிறைநாள்களில்தான் சிலப்பதிகாரத்தில் அவர் ஆழ்ந்து தோய்ந்தார். புலவர்கள் அதில் காப்பிய நயம் கண்டனர். அவரோ ஒரு நாட்டின் வரைபடத்தைக் கண்டார். சேரன், சோழன், பாண்டியன் என மூவேந்தர் நாடுகளையும் ஒரே கதைக்குள் இணைத்த இளங்கோ, பிளவுபட்டுக் கிடந்த தமிழகத்தை ஒன்றாக்கிய முதல் அரசியல் சிந்தனையாளராக அவருக்குத் தோன்றினார். வேங்கடமும் குமரியும் தமிழுலகின் எல்லைகள் என்னும் பழந்தமிழ் வரையறை, அவருக்கு இலக்கியச் செய்தியாக மட்டும் நிற்கவில்லை. உரிமைப் பத்திரமாகவே ஆயிற்று.

1946 நவம்பர் 21 அன்று தமிழரசுக் கழகம் பிறந்தது. வில், புலி, கயல் மூன்றும் அதன் கொடியில் பொறிக்கப்பட்டன. இந்தியாவுக்குள்ளேயே தன்னாட்சி கொண்ட தமிழரசு என்பது அதன் நோக்கம். விடுதலை கிட்டிய 1947 ஆகஸ்டுத் திங்களிலேயே, தொண்டர்களுடன் திருப்பதிக்குச் சென்று வேங்கடத்தின் மீது தமிழர்க்குள்ள உரிமையை முழங்கினார். திருத்தணிப் பகுதியில் தமிழாசிரியர் மங்கலங்கிழார் போன்றோர் ஊர் ஊராக ஊட்டிவந்த மொழியுணர்வு அவருக்குத் துணைநின்றது.

1952 திசம்பர் 15 அன்று, தனி ஆந்திரம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி சிறீராமுலு உயிர்நீத்தார். ஆந்திரம் அமைவது உறுதியாயிற்று. உடனே சென்னை யாருக்கு என்னும் கேள்வி எழுந்தது. கூவத்தை எல்லையாக்கி நகரைப் பிளக்கலாம் என்ற யோசனையும், தற்காலிகத் தலைநகராகவேனும் சென்னை வேண்டும் என்ற கோரிக்கையும் கிளம்பின. 'தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்' என்னும் ம.பொ.சி.யின் முழக்கம் அப்போது நகரெங்கும் ஒலித்தது. முதலமைச்சர் இராசாசியும் உறுதியாக நின்றார். ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று 1953 மார்ச்சில் பிரதமர் நேரு அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் உதயமாயிற்று.

சென்னை காக்கப்பட்டது, ஆயினும் சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தோடு போயிற்று. வடக்கெல்லைப் போராட்டமும் சிறைவாசமும் தொடர்ந்தன. படாசுகர் பரிந்துரைப்படி 1960-இல் திருத்தணி மீண்டது. திருப்பதியும் சித்தூரும் காளத்தியும் மீளவில்லை. தெற்கே நேசமணி தலைமையிலான போராட்டத்தால் 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டமும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. ஆகவே, காப்பியத்தில் அவர் கண்ட வரைபடம் முழுமையாகக் கைகூடவில்லை என்பதே உண்மை.

இத்தனைக்கும் நடுவே அவர் பெற்ற வசைகள் குறைவல்ல. தமிழரசுக் கழகத்தைக் காங்கிரசுத் தலைமை விரும்பவில்லை. 1954-இல் அக்கட்சியிலிருந்து அவர் விலகினார். திராவிட நாடு கேட்டோரை எதிர்த்து மேடைதோறும் பேசியதால், அவர்களுக்கு அவர் இராசாசியின் நிழலாகத் தெரிந்தார். பெரியார் சிலப்பதிகாரத்தைச் சாடியபோது, அதுவே தமிழர் தேசியக் காப்பியம் என்று ஊர்தோறும் முழங்கினார் ம.பொ.சி. ரா.பி. சேதுப்பிள்ளை சூட்டிய 'சிலம்புச் செல்வர்' என்னும் பட்டம் அவர் இயற்பெயரினும் நிலைத்தது. கட்டபொம்மனை விடுதலை வீரனாக அவர் நிறுத்தியதை மறுத்துத் தமிழ்வாணன் எழுதினார். வரலாற்றை உணர்ச்சியால் அளந்தார் என்ற குறையை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது.

'தமிழ்நாடு' என்னும் பெயருக்காக 1956 அக்டோபர் 13 அன்று சங்கரலிங்கனார் உண்ணாநோன்பில் உயிர்துறந்தார். அதே கோரிக்கைக்காகத் தமிழரசுக் கழகம் 1961-இல் கிளர்ச்சி நடத்தியது. ஆனால் அப்பெயரைச் சட்டமாக்கும் வலிமை அவருடைய சிறு கட்சிக்கு இல்லை. 1967 தேர்தலில், தாம் நெடுங்காலம் எதிர்த்த தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று தியாகராய நகரில் வென்றார். அவ்வாண்டு சூலை 18 அன்று பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேறியது; 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு தமிழ்நாடாயிற்று. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையை 1963-லேயே கைவிட்டிருந்ததால் இதில் கொள்கை முரண் இல்லை என்று வாதிடலாம். எனினும், கோரிக்கைகள் பெரிய கட்சியின் வழியே நிறைவேற நிறைவேற, அவற்றை எழுப்பிய கழகம் தனித்து நிற்பதற்கான காரணம் தேய்ந்தது. அவருடைய வெற்றியே அவர் இயக்கத்தின் முடிவாயிற்று.

பின்னர் மேலவைத் தலைவராக வீற்றிருந்தார். 1986-இல் அம்மன்றமே ஒழிக்கப்பட்டது. 1966-இல் 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' நூலுக்காகச் சாகித்திய அக்காதமி விருது பெற்ற அவர், 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார். பெருங்கட்சிகளை வழிநடத்திய தலைவர்கள் பலர் தமிழகத்தில் உண்டு. ஒரு காப்பியத்தைக் கையிலேந்தி ஆட்சியாளரிடம் எல்லை கேட்டவர் இவரே. திருத்தணி செல்லும் தமிழன் இன்று மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. அச்சுக்கோத்த அந்தக் கை நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அது.