புலியை வென்ற கருவி எது?

மலாய் மொழியில் ‘புக்கிட்’ என்பது குன்று. ‘பாஞ்சாங்’ என்பது நீண்டது. சிங்கப்பூரின் வடமேற்கில் நெடுங்குன்றால் பெயர் பெற்ற ஊர் புக்கிட் பாஞ்சாங். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இவ்வூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் புலி உலவிய காட்டின் ஓரமாக இருந்தது. அப்புலியை ஒழித்தது வேட்டைக்காரரின் துப்பாக்கியே என்பது பலருடைய எண்ணம். வரலாறு தரும் விடை வேறு.

1835இல் அரசாங்கப் பொதுப்பணி மேற்பார்வையாளர் கோல்மன், இந்தியத் தண்டனைக் கைதிகளுடன் காட்டில் வழி அளந்துகொண்டிருந்தார். புலி ஒன்று பாய்ந்தது. அளவைக் கருவி நொறுங்கியது, மனிதர் தப்பினர். பின்னாளில் லாய்ட்டமன் என்னும் ஜெர்மானியர் இக்காட்சியைச் சித்திரமாகத் தீட்டினார். அச்சித்திரத்தில் அஞ்சி விழும் கூட்டத்தினர் நம் நாட்டிலிருந்து கடல் கடத்தப்பட்டவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

புலிக்கும் மனிதனுக்கும் மோதல் மிகுந்தது ஏன்? காம்பியர்த் தோட்டங்களே காரணம். தோல் பதனிடவும் சாயமிடவும் பயன்படும் துவர்ப்புப் பொருள் காம்பியர். அதன் இலைகளைக் காய்ச்ச ஓயாது விறகு வேண்டும். மண்ணும் சில ஆண்டுகளில் சத்திழக்கும். ஆகவே சீனத் தோட்டக்காரர்கள் பழைய நிலத்தைக் கைவிட்டுப் புதுக்காட்டை அழித்துக்கொண்டே உள்நாட்டில் முன்னேறினர். புதருக்குள் குனிந்து இலை பறித்தவரைப் புலி எளிதில் கொன்றது. 1854இல் அண்டை ஊராகிய புக்கிட் தீமாவில் தங்கிய இயற்கை அறிஞர் வாலஸ், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு சீனர் புலிவாய்ப்பட்டதாக எழுதினார்.

அரசாங்கம் புலி ஒன்றுக்கு நூறு டாலர் வரை வெகுமதி அறிவித்தது. கைதிகளிலும் சிலர் துப்பாக்கியுடன் வேட்டைக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் அக்காலத் துப்பாக்கி எத்தகையது? வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி நம்பத்தக்கதன்று. அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் மருந்து ஈரமானால் அது வெறும் தடிதான். முதல் குண்டு தவறினால், மறுகுண்டு இடும்வரை புலி காத்திருக்குமா?

ஆதலால் மக்கள் மண்வெட்டியை நம்பினர். பதினைந்து, இருபது அடி ஆழத்தில் குழி தோண்டி, மேலே குச்சியும் இலையும் பரப்பினர். குழியடியில் கூரிய கழுவை நடுவதும் வழக்கமாக இருந்தது. வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து இறந்தபின் அது தடை செய்யப்பட்டது என்கிறார் வாலஸ்.

பொறியினும் பெரிதாக வேலை செய்தது பாராங் கத்தி. தோட்டத்தொழிலாளர் காட்டை வெட்டினர். இந்தியக் கைதிகள் சாலை அமைத்தனர். 1845இல் புக்கிட் தீமா சாலை புக்கிட் பாஞ்சாங் வழியே வடகரையின் கிராஞ்சியை எட்டியது. மறைவிடமும் இரையும் குறையவே புலி அருகியது. காடு எவ்வளவு அழிந்ததெனின், எஞ்சியதையாவது காக்கவேண்டும் என்று 1883இல் கான்ட்லி என்னும் அதிகாரி அரசாங்கத்துக்கு அறிக்கை தர நேர்ந்தது.

இனி, ரைபிளின் காலத்தை ஒப்பிடுவோம். குழலின் பின்புறம் தோட்டா இடும் முறை ஆங்கிலப் படைக்கு வந்தது 1866இல். பெயர்பெற்ற லீ என்பீல்டு ரைபிள் வந்தது 1895இல். நல்ல ரைபிள் கைக்கு வந்தபோது, சுடுவதற்குப் புலி அரிதாகிவிட்டது! 1902இல் ராபிள்ஸ் ஓட்டலில் ஆசிரியர் பிலிப்ஸ் சுட்டது, காட்சிக்கூடத்திலிருந்து தப்பி வந்த புலி. 1930 அக்டோபரில் சுவா சூ காங்கில் ஓங் கிம் ஹோங் என்னும் வேட்டைக்காரர் சுட்டதே இத்தீவின் கடைசிக் காட்டுப் புலி என்பர். சுவா சூ காங் சாலை புக்கிட் பாஞ்சாங்கின் பத்தாவது மைலிலிருந்து பிரிந்து செல்வது.

சுட்டவர் பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. குழி தோண்டியவர், மரம் வெட்டியவர், சாலையில் கல் பரப்பியவர் பெயர்களைத் தேடினால் கிடைப்பவை மிகச் சில. வேட்டைத் துப்பாக்கி செல்வர் வீட்டுச் சுவரை அலங்கரித்தது. தேய்ந்த மண்வெட்டியைப் போற்றி வைத்தவர் யார்?

இதனால் கைக்கருவியின் வெற்றியைக் கொண்டாடவேண்டும் என்பதன்று. அதே வெட்டு புலியோடு காட்டையும் கொண்டுபோயிற்று. ஆனால் தீவின் புலிக்கதையை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், வேட்டைக்காரரோடு நிறுத்தாமல், பாராங் பிடித்த சீனரையும் விலங்கு பூண்ட இந்தியரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்போதுதான் கதை வரலாறாகும்.