வேலை இழந்த பின்னர் மருத்துவச் செலவு: திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

பனியன் நிறுவனத்தில் வேலை நின்றாலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ உரிமை உடனே முடிந்துவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நீங்களும் குடும்பத்தினரும் சிகிச்சை பெறலாம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்குரிய பயன்காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை ஆகும்.

ஈ.எஸ்.ஐ. உரிமை இல்லாதோர், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருப்பின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகவும். கட்டணமில்லாத் தொலைபேசி: 1800 425 3993.

தனியார் மருத்துவமனையில் எதிர்பாராத தொகை கேட்கப்பட்டால், வட்டிக்குக் கடன் வாங்கும் முன் இனவாரியான ரசீதைக் கேளுங்கள். நோயாளியின் நிலை சீரானதும், மருத்துவரின் ஆலோசனைப்படி திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளலாம்.